அம்மா வந்துட்டா

என் மகளுக்கு இரண்டு வயது நெருங்கியும் தனித்தனிச் சொற்களைத் தாண்டிப் பேச்சு வரவில்லை. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. திருமுல்லைவாயலில் வீடு. காலை எட்டுக்குக் கிளம்பினால் இரவு ஏழாகும். "பெத்தவ வீட்ல இருந்து பேசினாத்தானே குழந்தைக்குப் பேச்சு வரும்?" என்று வந்தவர் போனவரெல்லாம் கேட்டார்கள். தாய்மொழி என்று பெயர் இருப்பதால், பேச்சு வராவிட்டால் அதுவும் தாயின் குற்றம்தான்.

ஒருநாள் நான் கேட்டைத் திறக்கும்போது, கிரில் கம்பியைப் பிடித்தபடி நின்றவள் உள்ளே திரும்பிக் கத்தினாள்: "பாட்டி, அம்மா வந்துட்டா!" அவளுடைய முதல் முழு வாக்கியம். தூக்கி வைத்துக்கொண்டு அழுதேன். அரைமணி கழித்து வண்டிச் சத்தம் கேட்டது. "அப்பா வந்துட்டாரு!" என்றாள்.

இரவு படுத்த பிறகுதான் அந்த இரண்டு வாக்கியங்களும் உறுத்தின. ஆங்கிலத்தில் யார் வந்தாலும் 'வந்தது' ஒன்றுதான். தமிழில் வினைச்சொல்லை முடிக்க வேண்டுமென்றால் வந்தவர் ஆணா பெண்ணா, மரியாதைக்கு உரியவரா இல்லையா என்று தீர்மானித்தாக வேண்டும். இரண்டு வயதுக் குழந்தை அதைத் தீர்மானித்துவிட்டது. யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. காதில் விழுந்ததிலிருந்து விதியை அவளே பிரித்தெடுத்துக்கொண்டாள். பிழையே இல்லாத இலக்கணம்.

எலினோர் ஓக்ஸ், பாம்பி ஷீஃபெலின் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் 1984இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒருவர் சமோவாவிலும் மற்றவர் பப்புவா நியூ கினியின் கலூலி மக்களிடையேயும் குழந்தைகளைக் கவனித்தவர்கள். கலூலித் தாய்மார்கள் கைக்குழந்தையோடு எதிரெதிரே பேச்சு வளர்ப்பதில்லை. ஆனாலும் அந்தக் குழந்தைகள் பேசுகிறார்கள். பேச்சோடு சேர்த்து, தன் சமூகத்தில் யாருக்கு எந்த இடம் என்பதையும் குழந்தை கற்கிறது என்பதே அவர்கள் சொன்னது. முதல் பாதி என் குற்ற உணர்வைக் குறைத்தது. இரண்டாம் பாதி தூக்கத்தைக் கெடுத்தது.

திருத்திப் பார்த்தேன். "அம்மா வந்துட்டாங்கன்னு சொல்லு." தலையாட்டிவிட்டு, "அம்மா வந்துட்டா" என்றாள். குழந்தைகள் திருத்தத்தால் கற்பதில்லை, கேட்பதால் கற்கிறார்கள். அவள் எங்கே கேட்டாள்? என்னைப் பற்றி நான் பேசினால் "அம்மா வந்துட்டேன்" என்பேன். 'வந்துட்டா' மற்றவர்கள் வாயிலிருந்து வருவது. தாயைப் பற்றிய வினைமுற்றைத் தாயால் கற்றுத்தர முடியாது. அப்பாவுக்கான 'ஆரு'வைக் கொடுத்தவளோ நான்தான்.

கணவரிடம் சொன்னேன். "பொண்டாட்டிக்கு 'ங்க' போட்டுப் பேசினா ஊரே சிரிக்கும்" என்று அவரே முதலில் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. "நாப்பது வருஷமா எனக்கும் 'வந்துட்டா'தான்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரமே, பாத்திரம் தேய்க்க வரும் அக்காவைப் பார்த்து மகள் சொன்னாள்: "அக்கா வந்துச்சு." அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போனார். எனக்கு முகம் எரிந்தது. எனக்குக் கிடைத்த 'ஆ'வுக்கும் கீழே ஒரு படி இருக்கிறது. அதைக் கொடுத்தது யாரென்று தேட வேண்டியதில்லை. "அது இன்னும் வரலையா?" என்று தினமும் மாமியாருக்கு போன் செய்து கேட்டவள் நான்.

என் கையில் இருந்ததை மாற்றத் தொடங்கினேன். "அக்கா வந்தாங்களா? சாப்பிட்டாங்களா?" முதலில் என் நாக்கே இடறியது. சில வாரங்களில் கிரில் அருகிலிருந்து குரல் வந்தது: "பாட்டி, அக்கா வந்துட்டாங்க!"

நான் இன்னும் 'வந்துட்டா'தான். மாமியார் மட்டும் ஒருநாள், கேலியா நிஜமா என்று தெரியாத குரலில், "உங்க அம்மா வந்துட்டாங்க பாரு" என்றார். மகள் திரும்பி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.