சொல்லால் காத்தல்

ஆயுதம் ஏந்திய ஒருவன் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான். அவன் பிடியில் சில உயிர்கள். வெளியே நிற்கும் காவலர்கள் ஒரு காலத்தில் இரண்டு வழிகளையே அறிந்திருந்தனர்: அவன் கேட்டதைக் கொடுப்பது, இல்லையேல் கதவை உடைத்து நுழைவது. இவ்விரண்டுக்கும் இடையே பேச்சு என்னும் மூன்றாவது வழி இருப்பதை உலகம் பேரிழப்புகளுக்குப் பின்னரே கற்றுக்கொண்டது.

1972 செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக் போட்டியின்போது இஸ்ரேல் அணியினர் பணயக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டனர். மீட்பு முயற்சி தோல்வியுற்றது. அவ்வணியைச் சேர்ந்த 11 பேர் மாண்டனர். இத்துயரம் நியூயார்க் நகரக் காவல்துறையைச் சிந்திக்கச் செய்தது. காவல் பணியில் இருந்துகொண்டே உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற ஹார்வி ஷ்லாஸ்பெர்க், அனுபவம் மிக்க அதிகாரியான பிராங்க் போல்ஸ் ஆகிய இருவரும் பணயக்கைதிகளை மீட்பதற்கான பேச்சுவார்த்தை முறையை வகுத்தனர்.

அம்முறையின் உயிர்நாடி பொறுமை. தொடக்கத்தில் கொதிக்கும் சினமும் அச்சமும் நேரம் செல்லச் செல்லத் தணியும். பசியும் களைப்பும் தலைகாட்டும். அறிவு மெல்லத் திரும்பும். ஆகவே, பேசுபவர் காலத்தைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் மிகுதியாகப் பேசுவதில்லை, செவி கொடுக்கிறார். முடிவெடுக்கும் அதிகாரமும் அவரிடம் இருப்பதில்லை. “மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறேன்” என்று அவர் கூறும்போது, மேலும் சில நிமிடங்கள் உயிர்களின் கணக்கில் வரவாகின்றன.

1973 ஜனவரியில் புரூக்ளின் பகுதியில், துப்பாக்கிகளும் விற்கும் விளையாட்டுப் பொருள் கடை ஒன்றில் கொள்ளையர் நால்வர் பலரைச் சிறைப்பிடித்தனர். தொடக்க மோதலிலேயே காவலர் ஒருவர் உயிரிழந்தார். சக காவலரை இழந்த நிலையில் பழிவாங்கத் துடிப்பது இயல்பே. ஆயினும், காவல்துறை கடைக்குள் பாயவில்லை. 47 மணி நேரம் காத்திருந்தது. பணயக்கைதிகள் கூரை வழியே தப்பினர்; கொள்ளையரும் சரணடைந்தனர்.

ஒரு நகரம் கற்ற பாடம் மற்றோர் ஊருக்கு எவ்வாறு சென்று சேரும்? சிற்றூர்க் காவல் நிலையம் ஒன்று இத்தகைய முற்றுகையைப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை சந்திக்கக்கூடும். அன்று பேசவேண்டியவர், வேறொரு பணியிலிருந்து அழைக்கப்பட்டவராக இருக்கலாம். எதிரில் இருப்பவனும் எப்போதும் கொள்ளையன் அல்லன். குடும்பச் சண்டையில் நிலைகுலைந்தவனாகவோ, தன்னுயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தவனாகவோ இருக்கலாம். அந்நேரத்தில் நூலைப் புரட்டிப் பார்க்க இயலாது. இத்தேவையிலிருந்தே பேச்சுவார்த்தையாளர் சங்கங்கள் பிறந்தன. அமெரிக்காவில் கலிபோர்னியா, டெக்சாஸ் முதலிய மாநிலங்களில் இவை உருவாயின. பின்னர் அவற்றை இணைக்கும் தேசிய அவையும் அமைந்தது.

பதவி உயர்வோ ஊதியமோ கேட்பதற்காகக் கூடியவையல்ல இச்சங்கங்கள். பயிற்சிக்குரிய தகுதிகளை வரையறுப்பதும், மாநாடுகளில் நடந்த நிகழ்வுகளை எடுத்துரைத்து அலசுவதும் இவற்றின் பணிகள். அங்கே வெற்றிகள் மட்டும் பேசப்படுவதில்லை. 1993-இல் டெக்சாஸ் மாநிலம் வேக்கோ அருகே நிகழ்ந்த 51 நாள் முற்றுகையில், பேச்சின் பயனாக 35 பேர் வெளியேறினர். மறுபுறம் மின்சாரத்தைத் துண்டித்தும் பேரொலி எழுப்பியும் தரப்பட்ட நெருக்கடி, பேச்சால் விளைந்த நம்பிக்கையைச் சிதைத்தது. இறுதி நாளில் 70-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பேசுபவரும் படை நடத்துபவரும் ஒரே திசையில் செல்லவேண்டும் என்னும் பாடத்தை இத்துறையினர் அந்தச் சாம்பலிலிருந்தே எடுத்தனர்.

எவ்வளவு திறமையாகப் பேசினாலும், சில வேளைகளில் எதிர்முனையின் குரல் நின்றுவிடுகிறது. அந்த அமைதியைச் சுமந்து வீடு திரும்பும் பேச்சுவார்த்தையாளருக்கு, அதே அமைதியைக் கேட்டறிந்த மற்றொருவரின் துணை மருந்தாகிறது. தம் தோல்வியைத் தயக்கமின்றிச் சொல்ல அவருக்கு ஓர் அவை வேண்டும். அவ்வாறு சொல்லப்படும் தோல்வி, அறியாத ஊரில் அடைபட்ட கதவுக்குப் பின்னால் இருக்கும் ஓர் உயிரை நாளை காக்கலாம். தனி மனிதரின் திறமை அவரோடு ஓய்வுபெற்றுவிடும். பகிர்ந்துகொண்ட அறிவே தொழிலாக நிலைபெறும்.