எந்தக் கேள்விக்கு இந்த விடை?



சென்ற தவக்காலத்தின் ஒரு ஞாயிறன்று, நம் பங்கைச் சேர்ந்த ஒருவரின் ஸ்கேன் அறிக்கை சுத்தமாக வந்துவிட்டதென்று திருப்பலி முடிவில் அறிவித்தேன். நீங்கள் கைதட்டினீர்கள். அந்த அறிவிப்பு தவறு, அவசரப்பட்டவன் நான். அவருடைய இசைவோடுதான் இதை எழுதுகிறேன். அவர் யாரென்று அறிந்தவர்கள் கீழே பெயரைக் குறிப்பிடாதிருக்க வேண்டுகிறேன்.

சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதியில் அவருக்கு ஃபியோக்ரோமோசைட்டோமா என்னும் அரிய கட்டி இருந்தது. படபடப்பு, வியர்வை, தலைவலி எல்லாவற்றையும் ஐ.டி. வேலையின் அழுத்தம் என்றே எண்ணியிருந்தார். அறுவை சிகிச்சை முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின் இரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் அளவு மீண்டும் உயர்ந்தது. நோய் எங்கே, எவ்வளவு பரவியுள்ளது என்று மறுபடியும் கணிக்க வேண்டியதாயிற்று. முதலில் எடுத்த எம்.ஐ.பி.ஜி. ஸ்கேனில் எதுவும் ஒளிரவில்லை. நான் அறிவித்தது அதைத்தான். மூன்று வாரம் கழித்து எடுத்த டோட்டடேட் பெட் ஸ்கேனில் முதுகெலும்பில் புள்ளிகள் ஒளிர்ந்தன.

“முதல் ஸ்கேன் பொய்யா, ஃபாதர்? காசுக்காகத்தான் ஒன்றன்மேல் ஒன்றாக எடுக்கிறார்களா?” என்று அவர் மனைவி கேட்டார். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்ற எனக்கு விடை தெரியவில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் அவர்களோடு நானும் சென்றேன். பின்னர் வாசிக்கவும் செய்தேன்.

எந்த ஸ்கேனும் ‘புற்றுநோயை’ நேரடியாகக் காண்பதில்லை. சி.டி. வடிவத்தைக் காண்கிறது, அறுவையின் தழும்பையும் புதிய கட்டியையும் பிரித்தறிய அது சில வேளை திணறும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான எம்.ஐ.பி.ஜி., நார்அட்ரினலினைப் போல வேடமிட்டு, அதற்கான வாயில் வழியே செல்லுக்குள் நுழைகிறது. வாயிலை இழந்த செல்லில் அது நுழையாது. படத்தில் இருளே தெரியும். டோட்டடேட் செல்லின் மேற்பரப்பிலுள்ள சொமாட்டோஸ்டேட்டின் ஏற்பிகளைப் பற்றிக்கொள்கிறது. எஃப்.டி.ஜி. சர்க்கரையின் வேடம், பசி மிகுந்த செல்கள் அதை விழுங்கும். (1976 ஆகஸ்டில் மனித உடலில் முதன்முதலாகச் செலுத்தப்பட்ட எஃப்.டி.ஜி., லாங் ஐலண்டிலுள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தயாராகி, விமானத்தில் ஃபிலடெல்ஃபியா சென்றது. 110 நிமிடத்தில் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும். நம் நியூ ஜெர்சிக்கு இருபுறமும் நடந்த ஓட்டம் அது!)

நம்மவரின் கட்டிக்குக் காரணம் எஸ்.டி.எச்.பி. என்னும் மரபணுவில் உள்ள பிழை. இவ்வகையில் எம்.ஐ.பி.ஜி. அடிக்கடி ஏமாற்றும். பெதஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் காரல் பசாக் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், இதே மரபணுப் பிழையோடு நோய் பரவிய 17 பேரை ஒப்பிட்டார்கள். டோட்டடேட் 98.6 விழுக்காடு கட்டிகளைக் காட்டியது, எஃப்.டி.ஜி. 85.8. சிறிய ஆய்வுதான், ஆயினும் வேறுபாடு சிறிதன்று.

அதற்காக எம்.ஐ.பி.ஜி. வீண் என்று எண்ணிவிடாதீர்கள். அது ஒளிர்கிற இடத்தில், அதே வாயில் வழியே கதிரியக்க அயோடினை மருந்தாகவும் அனுப்பலாம். அந்த வழி இவருக்கு இல்லை என்பதையாவது அந்த இருண்ட படம் சொல்லிற்று. சுரப்பியின் வெளிப்பகுதியில் வரும் புற்றுநோயோ முற்றிலும் வேறு, அங்கே சி.டி.யும் எஃப்.டி.ஜி.யும்தான் பெரிதும் துணை. ஆகவே உறவினர் ஒருவருக்கு எடுத்த ஸ்கேனை நமக்கும் கேட்டு வாதாட வேண்டாம். “இந்த ஸ்கேன் எதைத் தேடுகிறது? எதைத் தவறவிடக்கூடும்?” என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அதுவே.

இன்னொன்று மிஞ்சியிருந்தது. இப்பிழை பெற்றோர் வழி வந்திருந்தால், உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. திருச்சியில் இருக்கும் அக்காவிடம் அவர் சொல்லவில்லை. “மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் ஃபாதர், இந்த நேரத்தில் எப்படி?” என்று நான்கு மாதம் தள்ளிப்போட்டார். கடந்த வாரம், இரவு பத்தரை மணிக்கு, அங்கே காலை எட்டு மணி, என்னை அருகில் அமரச் சொல்லிவிட்டு எண்ணை அழுத்தினார். அக்கா எடுத்ததும், “சாப்பிட்டியா தம்பி?” என்றுதான் கேட்டார்.