பெண் வீட்டார் அழைப்பு

 

மாசி நெருங்குகிறது. திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில் பிரம்மோற்சவத்துக்கு எல்லோரும் வந்து சேருங்கள் என்று அழைப்பதற்காக இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும். மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் பேசிய டீச்சர் நான் என்பது உங்களுக்குத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொடியேற்றம், தேர், திருக்கல்யாணம், அறுபத்து மூவர் எல்லாம் மற்ற ஊர்களிலும் உண்டு. மகிழடி சேவை நம் ஊருக்கே உரியது. மகிழ மரத்தடியில் சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்ததை ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகிறோம். திருவாரூர் மாப்பிள்ளை வீடு என்றால் நாம் பெண் வீட்டார். அந்த உரிமையில்தான் அழைக்கிறேன்.

எங்கள் குடும்பம் இந்த ஊர்க் குடும்பம் இல்லை. அப்பா வந்தவாசிப் பக்கத்திலிருந்து விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை வேலைக்காக வந்தவர். பக்கத்து வீட்டுக்காரர் லேலண்ட், எதிர் வீட்டுக்காரர் என்ஃபீல்டு. 1946-இல் பலூன் செய்யும் கொட்டகையாக நம் ஊரில் ஆரம்பித்த எம்.ஆர்.எஃப்.பை நம்பியும் எத்தனையோ குடும்பங்கள் வந்து குடியேறின. பிழைக்க வந்தவர்கள் எல்லோரையும் இந்த ஊர்க்காரர்கள் ஆக்கியது தேர்தான் என்று அப்பா சொல்வார். இரவு ஷிப்ட் முடித்து வந்து, தூங்காமல், முகம் கழுவிக்கொண்டு வடம் பிடிக்கப் போய்விடுவார். வடத்தில் யார் கைக்கு அடுத்தது யார் கை என்று அங்கே யாரும் கேட்க முடியாது. மாடவீதி திருப்பத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் சொல்வதைத்தான் அத்தனை பேரும் கேட்க வேண்டும். மேனேஜரும் கேட்க வேண்டும்! அப்பாவுக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.

இளையவர்களுக்காகச் சங்கிலியம்மா கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். சங்கிலியார் பிறந்தது ஞாயிறு என்ற ஊரில். செங்குன்றத்தைத் தாண்டிப் போனால் இன்றைக்கும் அந்த ஊர் அதே பெயரில் இருக்கிறது. ஒற்றியூருக்கு வந்து கன்னிமாடத்தில் தங்கி, சுவாமிக்கு மாலை கட்டிக் கொடுத்து வந்த பெண். தலயாத்திரையாக வந்த சுந்தரர் அவரைப் பார்த்தார், சிவபெருமானையே தூது அனுப்பினார். ஆரூரில் ஏற்கெனவே பரவையார் இருக்கிறாரே என்று சங்கிலியார் தயங்கினார். "உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்வார்" என்று சுவாமி சொன்னார்.

இங்கேதான் வேடிக்கை. சுந்தரர் சுவாமியிடம் தனியாக ஒரு ஏற்பாடு செய்கிறார்: நான் சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டாம், மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள். சுவாமியும் சரி என்கிறார். சொல்லிவிட்டு நேரே சங்கிலியார் கனவில் போய், சந்நிதியில் வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் வாங்கு என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் தோழிகள் சுந்தரரை மரத்தடிக்கு அழைக்கிறார்கள். மனிதர் மாட்டிக்கொண்டார். வேறு வழியில்லாமல் மூன்று முறை மரத்தை வலம் வந்து சத்தியம் செய்தார்.

அப்புறம் என்ன ஆயிற்று? இளவேனில் வந்தது, தென்றல் வீசியது, ஆரூரில் வசந்த விழா நடக்குமே என்ற நினைப்பு வந்தது. இருப்புக் கொள்ளவில்லை. கிளம்பிவிட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. (அந்தப் பழைய கோயில் இருந்த இடம் இப்போது நமக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது.) காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண்.

சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போக வேண்டும் என்று நாயன்மாரே சத்தியத்தை மீறியிருக்கிறார். லீவு கிடைக்கவில்லை என்று எனக்கு மெசேஜ் அனுப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். நீங்கள் யாரும் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துவிட்டு இந்த ஊரைவிட்டுப் போகவில்லை. அதனால் சிறுசேரியில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் உங்கள் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. தைரியமாக வாருங்கள்.

இந்தக் கதையை ஐந்தாம் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் மகிழ மரத்தடி வரும்போது கைதட்டுவார்கள், கண் போகும்போது "ஐயோ" என்பார்கள். ஒரு வருடம், கடலோரக் குப்பத்திலிருந்து வந்த ஒரு பெண் குழந்தை எழுந்து நின்றாள். "டீச்சர், அவருக்குக் கண்ணு வந்துடுச்சு. சங்கிலியம்மாவுக்கு இன்னா கெடச்சுது?"

அந்தக் குழந்தையின் அப்பா வேலைக்கென்று பம்பாய் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. முதல் வருடம் மணியார்டர் வந்தது, அப்புறம் வரவில்லை. அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்றுக் குடும்பத்தை நடத்தினாள். வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. கடைசியில் சங்கிலியாரும் பரவையாரும் கயிலைக்குத் திரும்பினார்கள் என்று சேக்கிழார் முடிக்கிறார். அதைச் சொன்னேன். "அது செத்தப்புறம் டீச்சர்" என்றாள். சரிதானே?

அவளுக்காகத்தான் அந்த வருடம் மகிழடி சேவைக்கு வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோர்களோடு வரச் சொன்னேன். கூட்டத்தில் அவளை என் முன்னால் நிறுத்திக்கொண்டேன். ஊர் மொத்தமும் அந்த மரத்தைச் சுற்றி நிற்கிறது. ஆரூருக்குப் போனவரைப் பற்றி அங்கே பேச்சே இல்லை, சத்தியம் வாங்கியவள்தான் அன்றைக்குப் பெரிய மனுஷி. அவள் ஒன்றும் பேசவில்லை, என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றாள். இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். வருடா வருடம் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள். போன வருடம் அவள் மகன், "சாமி ஏன் ரெண்டு பேர் பக்கமும் பேசுச்சு?" என்று என்னை மடக்கினான். ரத்தம் அப்படி!

அறுபத்து மூவர் வரும்போது கலிய நாயனாரைத் தேடிப் பாருங்கள். அவர் நம் ஊர்க்காரர், சக்கரப்பாடித் தெருவில் எண்ணெய் வாணிகம் செய்தவர். கோயிலுக்கு விளக்கெரித்தே செல்வத்தை இழந்து, பிறரிடம் செக்கில் கூலி வேலைக்குப் போனார். கூலியாட்கள் அதிகமாகி அந்த வேலையும் போயிற்று. அதற்கும் பிறகு விளக்கில் எண்ணெய்க்குப் பதில் தன் ரத்தத்தையே ஊற்றத் துணிந்தார் என்கிறது புராணம். ஆட்குறைப்பு என்ற சொல்லை நம் ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. விம்கோ நின்ற காலத்தில் அப்பா கலியர் பல்லக்கைப் பார்த்து மட்டும் கூடுதலாக ஒரு கும்பிடு போடுவார். காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

2011-இல் நம் நகராட்சி மாநகராட்சியோடு சேர்ந்து மண்டலம் 1 ஆகிவிட்டது. மெட்ரோ வந்த பிறகு வருவது சுலபம். "திருவொற்றியூர் தேரடி" என்றே ஒரு நிலையம் இருக்கிறது, பெயர் வைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்! ஏர்போர்ட்டிலிருந்து ரயிலில் ஏறினால் தேர் நிற்கும் இடத்துக்கே பெயர் சொல்லி இறக்கிவிடுகிறார்கள்.

கூட்டம் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், அதிகமாகித்தான் இருக்கிறது. நீர்மோர்ப் பந்தலுக்கும் குறைவில்லை. மின்வாரியத் தம்பிகள் தேருக்கு முன்னால் போய்க் கம்பிகளை எடுத்துக் கொடுப்பதை இன்றைக்கும் வாய் பார்த்து நிற்கிறேன். எனக்கு இருக்கும் குறை இரண்டுதான். ஒன்று, சுவாமியைவிடப் பெரிதாக நன்கொடையாளர் முகம் போட்ட பேனர்கள். இரண்டாவதுதான் எனக்கு வருத்தம். மகிழடி சேவை அன்று பக்கத்தில் நிற்பவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். நிறையப் பேருக்கு அது என்ன என்றே தெரியவில்லை. செல்போனில் வீடியோ எடுக்கிறார்கள், எதை எடுக்கிறோம் என்று தெரியாமல். முன்பெல்லாம் சந்நிதித் தெருவில் ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து, கொடியேற்றத்துக்கு முன்பே தெருப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி முடித்துவிடுவார். அவரும் இல்லை, திண்ணையும் இல்லை.

நம் ஊர்க் கோயிலில் சோழர் காலத்தில் இலக்கணம் சொல்லிக்கொடுக்கவே ஒரு மண்டபம் இருந்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. பாடம் நடந்த ஊர் இது. அதனால் ஓய்வு பெற்றதிலிருந்து நானே எங்கள் வீட்டு வாசலில் பாய் விரித்து, கொடியேற்றத்துக்கு முந்தைய மூன்று சாயங்காலம் கதை சொல்கிறேன். முதல் வருடம் ஏழு பிள்ளைகள். போன வருடம் பாய் போதவில்லை, எதிர் வீட்டில் பெட்ஷீட் வாங்கினோம். நோட்டீஸ் நானே கையால் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறேன். எழுத்து அழகாக இருக்கிறது என்று நீங்கள் அனுப்பும் இதயங்களுக்கு நன்றி. ஆனால் இந்த முறை எனக்கு இதயம் வேண்டாம், ஆள் வேண்டும்.

முழங்கால் தரையில் உட்கார விடவில்லை, குரலும் முன்போல் இல்லை. உங்களில் யாராவது ஒருவர், இரண்டு பேர் என்றால் இன்னும் நல்லது, இந்த வருடம் மூன்று நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அடுத்த வருடம் நீங்கள் சொல்லுங்கள், நான் நாற்காலியில் இருந்து கேட்கிறேன். பெரியபுராணம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குக் கோபப்படாமல் இருந்தால் போதும்.

பத்திரிகை கைக்கு வந்ததும் தேதிகளைப் போடுகிறேன். தேர் அன்று வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள், வெயில் ஏறிவிடும். செருப்பை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். இட்லி இருக்கும், எத்தனை பேர் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் மாவு அரைக்க வசதி. கதை சொல்ல விருப்பம் உள்ளவர்கள் கமெண்டில் வேண்டாம், இன்பாக்ஸில் எழுதுங்கள்.

உங்கள் டீச்சர்