திருப்பிக் கேட்டல்

தெலுக் பங்லிமா காராங்கில் எமது வீட்டுத் திண்ணையில் மாலை வேளையில் அமர்ந்தால், சிப்பாங்கை நோக்கித் தாழ்ந்து செல்லும் ஆகாய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தென்படும். முப்பதாண்டுகளுக்கு மேல் அவற்றைச் செலுத்திய கைகள் இப்பொழுது ஓய்வு பெற்றுவிட்டன. அண்டை வீட்டாரும் தோட்டத்து நண்பர்களும் என்னிடம் வினவுவது பெரும்பாலும் ஒன்றே: "ஐயா, எஞ்சின் கெட்டுத்தானே விமானம் விழுகிறது?"

அப்படி விழுந்தனவும் உண்டு. ஆயின், இங்கிருந்து வெகு தூரமில்லாத பூச்சோங்கின் அருகே, எஞ்சின்கள் நான்கும் செவ்வனே ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரும் விமானம், ஒரு சொல்லைப் பிறழக் கேட்டதனால் குன்றில் மோதி அழிந்ததை நம்மவர் பலர் மறந்தே போயினர்.

1989ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள், காலை ஆறரை மணிக்குச் சற்றுப் பின்னர் அது நேரிட்டது. ஃபிளையிங் டைகர் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் சிங்கப்பூரினின்று சுபாங் நிலையத்திற்கு வந்துகொண்டிருந்தது. 2400 அடிக்கு இறங்குமாறு ஆணையிட விரும்பிய நிலைய அதிகாரி, "டிசெண்ட் டூ ஃபோர் சீரோ சீரோ" என்று எண்களைத் தனித்தனியே உரைத்தார். ஆங்கிலத்தில் இரண்டு என்னும் எண்ணுக்கும், நமது நான்காம் வேற்றுமை உருபின் பொருள் தரும் சிறு சொல்லுக்கும் ஒலி ஒன்றே. விமானத்தில் இருந்தோர் காதில் அது "400க்கு இறங்குக" என்று விழுந்தது. "ஓகே, ஃபோர் சீரோ சீரோ" என்று மறுமொழி கூறினர். அம்மறுமொழியைச் செவிமடுத்துத் திருத்தியிருக்கலாம், திருத்துவாரில்லை. தரை நெருங்குவதை அறிவிக்கும் கருவி விமானத்தினுள் ஓலமிட்டது, அதையும் ஏற்பாரில்லை. கடல் மட்டத்தினின்று 400 அடிக்குச் சற்று மேலே மலைச்சரிவு எதிர்ப்பட்டது. விமானத்தில் இருந்த நால்வரும் மாண்டனர்.

"இரண்டாயிரத்து நானூறு" என்று முழுமையாய்ச் சொல்லுவதே விதி. அவ்விதியின் அருமையைக் கற்பிக்க உலகெங்கும் விமானிகளின் வகுப்புகளில் இந்நிகழ்ச்சியை எடுத்துரைக்கிறார்கள்.

அந்நாளில் நான் துணை விமானி. எங்கள் கூட்டத்தில் இதைக் குறித்துப் பேசாதவர் இல்லை. "நானாயிருந்தால் உடனே கேட்டிருப்பேன்" என்று நானும் வீரம் பேசினேன்.

ஈராண்டு கழித்து என் வீரம் சோதனைக்கு வந்தது. மழை பெய்யும் இரவு. மலைகள் சூழ்ந்த ஒரு நிலையம். 3000 அடிக்கு இறங்குமாறு ஆணை வந்தது. வானொலியில் அதனை நான் பிழையின்றித் திருப்பிச் சொன்னேன். ஆனால் என் அருகிலிருந்த தலைமை விமானியின் விரல்கள் உயரத்தைக் குறிக்கும் குமிழை 2000இல் கொண்டு நிறுத்தின. கண்ணால் கண்டேன். வாய் திறக்கவில்லை. அவர் என்னினும் இருபதாண்டு மூத்தவர்; அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்? நான்தான் பிழையாய்க் கேட்டேனோ? இருவர் காதிலும் விழுந்தது ஒரே குரல்தான் என்பது கூட அக்கணத்தில் நினைவுக்கு வரவில்லை. 3000ஐக் கடந்தோம். அதற்குள் நிலையத்தார் கண்டு, "உமது உயரம் என்ன?" என்று கேட்டனர். பெரியவர் உடனே விமானத்தை மேலேற்றினார்.

இறங்கிய பின் கேட்டார்: "உனக்குச் சரியாய்க் கேட்டதா?"

"கேட்டது."

"பின் ஏன் பேசவில்லை?"

அவருக்கு விடை சொல்ல இயலவில்லை. இன்று சொல்லுகிறேன். என் தந்தையார் கேரித் தீவில் செம்பனைக் குலை வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டில் துரை சொன்னதைக் கங்காணி சொல்லுவார். கங்காணி சொன்னதைத் திருப்பிக் கேட்டவனுக்கு அன்று வேலை கிடைப்பது அரிது. வீட்டிலும் பள்ளியிலும் எனக்கு அதனையே அடக்கம் என்று போதித்தார்கள். அந்த அடக்கத்தை நான் விமானத்தினுள்ளும் சுமந்து சென்றேன்.

இது நம்மவர்க்கே உரிய நோயன்று. 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் தெனெரீஃப் தீவில் இரு 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். எதிர் விமானம் பாதையை விட்டு நீங்கிற்றா என்று டச்சு விமானத்தின் பொறியாளர் ஐயுற்று வினவியதும், தலைவர் உறுதியாய் மறுத்துரைத்ததும், பின்னர் அவர் மீண்டும் வினவாததும் ஒலிப்பதிவில் உள்ளன. இத்தகைய விபத்துகளை ஆராய்ந்தே, 1979ஆம் ஆண்டு அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா கூட்டிய மாநாட்டில், இளையோரைப் பேசவும் மூத்தோரைக் கேட்கவும் பழக்கும் பயிற்சிக்கு வித்திட்டனர்.

நான் தலைமை விமானியான பின், புறப்படுமுன் ஒவ்வொரு துணை விமானியிடமும் சொல்லி வந்தேன்: "நான் தவறினால் சொல்லும். இருமுறை சொல்லியும் நான் அசையாவிடில் விமானத்தை உமது கையில் எடுத்துக்கொள்ளும்." சிலர் சிரித்தனர், சிலர், "எவ்வளவு உயரத் தவறு வரை பொறுக்கலாம்?" என்று எதிர்வினா எழுப்பினர், இவர்களோடு பறக்கையில் எனக்கு நிம்மதி. தலையைத் தாழ்த்தி, "சரி, கேப்டன்" என்று மட்டும் சொன்ன பிள்ளைகளும் உண்டு. அவர்களோடு பறந்த இரவுகளில் குமிழை நானே இருமுறை பார்த்துக்கொள்வேன்.