தூத்துக்குடிக் கடலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பிறந்த வீடு தூத்துக்குடி. ஆனால் நாற்பத்தாறு வயது வரைக்கும் நான் கடலில் கால் நனைத்ததோடு சரி, ஒருநாள்கூட வள்ளத்தில் ஏறினது கிடையாது. சொன்னால் சிரிப்பீர்கள்.

அப்பா ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். மீன்பிடித் தொழிலுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் தெரேஸ்புரம் போய், சிநேகிதர் ஒருவரின் வள்ளத்தில் தூண்டில் போடக் கிளம்பிவிடுவார். தம்பிகள் இரண்டு பேரும் கூடப் போவார்கள். நானும் வாரேன்ப்பா என்றால், "பொம்பளப்பிள்ளைக்குக் கடல்ல என்னட்டி சோலி?" என்பார். அவ்வளவுதான். நானும் அம்மாவும் மீன் வரும் என்று நம்பி மசாலா அரைத்து வைத்திருப்போம். வராத நாளில் அந்தக் குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றிவிடுவோம்.

இப்போது அப்பாவுக்கு எழுபத்தைந்து. இருபது வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டார், கண்ணை மட்டும் டாக்டரிடம் காட்டவில்லை. "எழுத்து தெரியுதுல்லா, போதும்" என்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் ஒரு கண்ணில் கறுப்புத் திரை விழுந்த மாதிரி ஆகிவிட்டது. விழித்திரையில் ரத்தக் கசிவு. மற்றக் கண்ணும் அடி வாங்கியிருந்தது. லேசர் வைத்து மிச்சப் பார்வையைக் காப்பாற்றினார்கள். ஆள் உருவம் தெரியும், முகம் தெரியாது. (உங்கள் வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால், பார்வை நன்றாக இருந்தாலும் வருஷம் ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கு வலி, எரிச்சல் என்று எந்த அறிகுறியும் இருக்கவில்லை.)

அதோடு தூண்டிலும் போயிற்று, பேச்சும் போயிற்று. தம்பிகள் ஒருவன் சென்னையில், ஒருவன் துபாயில். நான் கோவில்பட்டியிலிருந்து போகும்போதெல்லாம், அப்பா திண்ணையில் அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருப்பார். அம்மா ஒருநாள் அடுப்படியில் வைத்து, "ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்ல பேசி மாசக்கணக்காகுது" என்றாள். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் நானே தெரேஸ்புரம் போய் அந்தச் சிநேகிதரைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்தே மாமா என்று கூப்பிட்ட பழக்கம். ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். "இது தொழில் இல்லைல்லா, பூசை முடிச்சிட்டு வாரேன். அண்ணாச்சியக் கூட்டிட்டு வாம்மா" என்றார். புரட்டாசி முடியட்டும், வீட்டில் மீன் சேர்க்கமாட்டோம் என்றேன். அப்படி முடிவானதுதான் ஐப்பசி முதல் ஞாயிறு.

அப்பாவிடம் சொன்னதும், "உனக்கு என்ன கிறுக்கா?" என்றார். ஆனால் சனிக்கிழமை ராத்திரி பரணிலிருந்து தங்கூசி சுற்றின மரக்கட்டையை எடுத்துத் தரச் சொன்னார். முழுக்கப் பிரித்து, விரலால் தடவித் தடவிப் பார்த்து, நைந்த இடத்தை அறுத்து முடிச்சுப் போட்டார். கண் வேண்டியிருக்கவில்லை.

காலை எட்டரைக்குக் கிளம்பினோம். மூன்று பேருக்கும் மிதவைச் சட்டை. வெறும் வயிற்றில் வள்ளத்தில் ஏறினால் குமட்டும் என்று இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி எடுத்துப் போயிருந்தேன். ஒரு துண்டு இஞ்சியும் வாயில்.

கச்சான் காற்று ஓய்ந்து வாடை தொடங்குவதற்கு இடையில் சில நாள் இந்தக் கடல் குளம் மாதிரி கிடக்கும். அன்றைக்கு அப்படித்தான். நடுக்கடலிலிருந்து சொந்த ஊரைப் பார்ப்பது வேடிக்கையாக இருந்தது. பனிமய மாதா கோயில், தெர்மல் புகைபோக்கிகள், உப்பளத்தில் குவித்த வெள்ளை அம்பாரம், அந்தப் பக்கம் துறைமுகத்துக் கிரேன்கள். இந்தக் கரையோரம் ஆழம் இல்லை. 1974-ல் புதுத் துறைமுகம் வரும்வரை பெரிய கப்பல்கள் தள்ளி நிற்க, சரக்கெல்லாம் தோணியில்தான் போய் வந்தது. அப்பாவின் கணக்கு நோட்டு நிறைய அந்தத் தோணிகள்தான்.

வான்தீவு ஒரு மணல் கோடாகத் தெரிந்தது. இந்தத் தீவுகளையெல்லாம் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்காவாக்கிவிட்டதால், அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை. இதே வரிசையில் விலங்குசல்லி என்று ஒரு தீவு இருந்தது, இப்போது தண்ணீருக்கடியில். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தால் அலையைத் தடுக்க என்ன இருக்கும்?

நாலு பாகம் ஆழத்தில் மாமா நங்கூரம் போட்டு எஞ்சினை நிறுத்தினார். முள்ளில் இறால் துண்டைக் கோர்த்து, ஈயத்தோடு இறக்கி, தங்கூசியை என் ஆள்காட்டி விரலில் போட்டார் அப்பா. "தரை தட்டினதும் அரை முழம் தூக்கு. பெறவு சும்மா இரு."

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா! வீட்டில் ஒரு அடுப்பில் பால், ஒன்றில் குழம்பு, காதில் குக்கர் விசில் என்று பழகின உடம்பு. கால் மணிக்கு ஒருதரம் இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வெறும் முள். "அது கிளாத்தி. இரையத் திருடிட்டுப் போயிரும்" என்றார். எப்படித் தெரியும் என்றதற்கு என் விரல்மேல் தன் விரலை வைத்தார். "இந்தா, இது நொறுக் நொறுக்னு கடிக்கில்லா, கிளாத்தி. கிழங்கான் டக் டக்னு ரெண்டு தட்டு தட்டும். விளமீன் கேக்காது, ஒரே இழுப்பு." இரண்டு வருஷத்தில் அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பதினொரு மணிக்குள் மூன்று கிழங்கான். ஒரு ஓராவும் வந்தது, அதை மாமா என்னைத் தொடவிடவில்லை. ஓரா முதுகு முள் குத்தினால் விஷமாய்க் கடுக்கும். வீட்டில் சுத்தம் செய்யும்போதும் முதலில் கத்தரியால் முள்ளை நறுக்கிவிடுங்கள். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டு வெந்நீரில் கையை வைக்க வலி குறையும்.

பிறகு ஒன்றுமே இல்லை. வெயில், மோட்டுவளையைப் பார்த்த மாதிரி வானம். அப்போதுதான் அப்பா முத்துச் சலாபம் பற்றிச் சொன்னார். 1955-லிருந்து சலாபம் நடந்து, 1961-ல் நடந்ததுதான் கடைசி. அப்போது அப்பாவுக்குப் பதினொரு வயது. இடுப்பில் கயிறும் பையுமாய், கல்லைப் பிடித்துக்கொண்டு முங்கிச் சிப்பி அரித்து வருவார்களாம். கரையில் ஆயிரக்கணக்கில் ஏலம். எங்கள் தாத்தா ஆசைப்பட்டுக் கொஞ்சம் சிப்பி வாங்கிப் பானையில் போட்டு அழுகவிட்டார். "தெருவே நாறிச்சு. எங்க ஆச்சி ஒரு வாரம் தாத்தாகூடப் பேசல. கழுவிப் பாத்தா கடுகு கணக்கா ரெண்டு." அதற்குப் பிறகு பார்களில் போதிய சிப்பி விளையாததால் சலாபமே இல்லை. 1973-ல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இங்கே வளர்ப்பு முத்து உண்டாக்கிக் காட்டினார்கள். ஆனால் முத்துநகர் என்ற பேர் மட்டும் பஸ் போர்டிலும் ரயிலிலும் இருக்கிறது.

இரண்டு மணி இருக்கும். அப்பா கையிலிருந்த தங்கூசி விர்ரென்று ஓடியது. "விளமீன்! பிடிட்டி!" என்று என் கையில் திணித்துவிட்டார். கனம் என்றால் கனம், கிணற்று வாளி மாதிரி இழுத்தது. "விடு, கொஞ்சம் விடு, ஓடட்டும்" என்று அவர் கத்தக் கத்த, நான் விட்டால் போய்விடுமே என்று இரண்டு கையாலும் இறுக்கினேன். விரலில் தங்கூசி அறுத்து ரத்தம் வந்தது. வள்ளத்துக்குப் பக்கத்தில் மினுங்கலாக ஒரு முதுகைப் பார்த்தேன். டப்பென்று அறுந்துவிட்டது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா சிரிக்கிறார்! தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார். "ஒன் பெரிய தம்பியும் மொத நாள் இப்படித்தான் அறுத்தான்" என்றார்.

சந்தர்ப்பம் பார்த்துக் கேட்டுவிட்டேன். அப்போ என்னை ஏம்ப்பா கூட்டிட்டு வரலை?

கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்த மாதிரி இருந்தார். "ஊர் என்ன சொல்லும்னு இருந்தேன்" என்றார். பிறகு, "கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார். அறுந்த முனையைக் கேட்டு வாங்கி, புது முள் கட்டி மறுபடி என் விரலில் போட்டார்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது கையில் ஏழு கிழங்கானும் அந்த ஒரு ஓராவும். கிழங்கான் லேசான மீன், எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் கிடந்தவருக்கும் கொடுப்பார்கள். மிளகும் மஞ்சளும் போட்டு ஆவியில் வேகவைத்தால் போதும்.

அம்மா வழக்கம்போல மசாலா அரைத்து வைத்திருந்தாள். ஓரத்தில் நாலு முட்டையும் இருந்தது. மீனைக் கழுவ உட்கார்ந்தவள் என் விரல் கட்டைப் பார்த்தாள். திண்ணையில் அப்பா யாரிடமோ போனில், "அறுத்துட்டாப்பா, ஒன்றரைக் கிலோ இருக்கும்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். துபாய்க்குத்தான்.

அம்மா தலை நிமிராமல், "அந்த வள்ளத்துல இன்னொரு ஆளு உக்கார எடம் இருக்குமா?" என்றாள்.