ஊர் சுற்றும் உரிமை

‘ஊர் சுற்றி’ என்றால் வசை. ‘உல்லாசப் பயணி’ என்றால் வரவேற்பு! இருவரும் செய்வது ஒரே செயல்தான். இருந்த இடம் விட்டு வேறிடம் காணப் போகின்றனர். மடியிலே பணமுள்ளவன் போனால் அது பயணமாம். இல்லாதவன் போனால் திரிதலாம். சொல்லுக்குள்ளேயே மேல் கீழ் புகுந்துகொண்டது, தோழர்களே!

மக்கள் ஏன் பயணம் போகின்றனர்? கேட்டால், வகை பிரித்துப் பழகியோர் நீண்டதொரு பட்டியலை நீட்டுவர். இளைப்பாறப் போவது இன்பச் சுற்றுலா. கோயில் குளம் தேடிப் போவது ஆன்மிகச் சுற்றுலா. அயல்நாட்டார் நோய் தீரச் சென்னையை நாடி வருவது மருத்துவச் சுற்றுலா. மாணவர் போவது கல்விச் சுற்றுலா; காடும் பறவையும் காணப் போவது சூழல் சுற்றுலா; கல்வெட்டும் கோட்டையும் காண்பது மரபுச் சுற்றுலா. ஐக்கிய நாடுகள் மன்றத்தின் கணக்கோ இன்னும் விரிந்தது. வழக்கமாக வாழும் சூழலை விட்டு, ஓராண்டுக்குட்பட்ட காலத்துக்கு, சென்ற ஊரில் சம்பளத்துக்கு அமராமல் போகிறவர், வணிகரானாலும் உறவு காணச் செல்பவரானாலும், பயணியே என்கிறது அது.

பட்டியல் பிழையன்று. ஆனால் அது ‘எங்கே போகிறாய்?’ என்று மட்டுமே கேட்கிறது. நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு: ‘போக உனக்கு வழிவிட்டவர் யார்? போவதற்கு உனக்கு ஓய்வு தந்தவர் யார்?’

முதலில் வழியைப் பார்ப்போம். 1901ஆம் ஆண்டு. தந்தையைக் காணும் ஆவலோடு, அண்ணனுடனும் அக்காள் பிள்ளைகளுடனும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினான் ஒரு சிறுவன். புத்தாடை உண்டு, கையிலே காசு உண்டு. சாதி இன்னதென்று தெரிந்ததும் வண்டிக்காரர் எவரும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. இரட்டிப்புக் கூலி தருவதாகச் சொன்னபின், ஒருவன் இசைந்தான். எப்படி? பிள்ளைகளே மாட்டை ஓட்டவேண்டும். அவன் பக்கத்திலே நடந்து வருவான்! கட்டுச்சோறு இருந்தது, குடிக்கத் தண்ணீர் தருவாரில்லை. அந்தச் சிறுவன்தான் பின்னாளில் அரசியல் சட்டம் வரைந்த அம்பேத்கர். அவரே எழுதி வைத்த வரலாறு இது.

1924இல் வைக்கத்திலே நடந்தது எதற்கான கிளர்ச்சி? கோயிலுக்குள் நுழையவா? இல்லை, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கு! கடலுக்கு அப்பாலும் கதை இதுவே. 1936இல், நியூயார்க் நகரின் அஞ்சல் ஊழியர் விக்டர் ஹியூகோ கிரீன் ஒரு கையேடு வெளியிடத் தொடங்கினார். அழகிய அருவி எங்கே, அரண்மனை எங்கே என்று சொல்வதற்கன்று. கறுப்பின மக்கள் எந்த விடுதியில் தங்கலாம், எந்தக் கடையில் உண்ணலாம் என்று சொல்வதற்கு. மோட்டார் வண்டி சொந்தம், பாதையோ பிறர்க்குச் சொந்தம் என்ற நிலை! 1964ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டம் வந்த பிறகே அந்தக் கையேட்டுக்கு வேலையற்றுப் போயிற்று.

அடுத்தது ஓய்வு. அதே 1936இல் பிரான்சு நாட்டுத் தொழிலாளர், மாபெரும் வேலைநிறுத்தத்தின் வாயிலாக, ஆண்டுக்கு இரு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்னும் சட்டத்தைப் பெற்றனர். ரயில் கட்டணத்தில் நூற்றுக்கு 40 குறைத்து அவர்கட்குத் தனிச் சீட்டும் தந்தது அரசு. அவ்வாண்டுக் கோடையிலேதான், ஆலைப் புகையன்றி வேறறியாத பலர், முதன்முதலாகக் கடலைக் கண்டனர். கடல் அன்று தோன்றியதா? அது எப்போதும் அங்கேதான் இருந்தது. தொழிலாளிக்கு விடுப்புதான் இல்லை! நம் நாட்டிலே 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஓராண்டில் 240 நாள் உழைத்தவர்க்கு, உழைத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பள விடுப்பு என விதித்தது. நல்லது. ஆனால் ஆலைக்கு வெளியே இருப்பவர்? அதிலும், அடுக்களையில் இருப்பவர்?

சில ஆண்டுகளுக்கு முன், பழனி அடிவாரத்தில், சுற்றுலாப் பேருந்தில் வந்த ஒரு கூட்டத்தாரோடு பேசும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அறுபடை வீட்டுக்கு நான்கு நாள் பயணம். பெரும்பாலோர் பெண்கள்; நாற்று நட்டுக் காய்த்த கைகள். மாதந்தோறும் சீட்டுப் பணம்போல் சிறுகச் சிறுகக் கட்டி வந்தவர்கள். மூத்த ஓர் அம்மையாரிடம், “எந்த ஊர் முருகன் பிடித்திருந்தது, அம்மா?” என்று கேட்டோம், சற்றே குறும்பாக.

“முருகன் எல்லா ஊர்லயும் முருகன்தானுங்க. நாலு நாளா நான் அடுப்பு மூட்டல. உக்காரவச்சு எனக்குச் சோறு போட்டாங்க” என்றார் அவர். பிறகு, சிரித்தபடியே சொன்னார்: “சாமி கும்பிடப் போறேன்னா வீட்டுல விடுவாங்க. சும்மா ஊரு பாக்கப் போறேன்னா விடுவாங்களா?”

ஆன்மிகச் சுற்றுலா என்று பட்டியல்காரர் எழுதிக்கொண்டனர். அந்த அம்மையார் எழுதியதோ விடுப்பு விண்ணப்பம்! காரணம் என்ற இடத்தில் ‘கடவுள்’ என்று நிரப்பினார். வேறெதை நிரப்பினாலும் வீட்டார் ஒப்பமிடமாட்டார் என்பதால். அவரிடம் போய், “மலைமேல் இருப்பது கல்தானே, அம்மா” என்று வாதிட்டு வென்றுவிடலாம். வென்றால் என்ன ஆகும்? ஆண்டுக்கு நான்கு நாள் ஓய்வும் பறிபோகும். அடுப்பு மட்டும் மிஞ்சும். பகுத்தறிவு அவர்க்குத் தரும் பரிசு அதுவாகவா இருக்கவேண்டும்?

இங்கே வரலாறு ஒரு வழி காட்டுகிறது. உலகப் புகழ்பெற்ற பயணத் தொழிலைத் தொடங்கிய தாமஸ் குக், முதன்முதலில் யாரை அழைத்துச் சென்றார் தெரியுமா? சீமான்களையல்ல. 1841 ஜூலை 5ஆம் நாள், மதுவிலக்குக் கூட்டமொன்றுக்காக, லெஸ்டர் நகரிலிருந்து லாஃப்பரோவுக்கு, ஏறத்தாழ 500 பேரை, தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில், ரயிலேற்றிச் சென்றார். சீர்திருத்தப் பணியிலே பிறந்தது அந்தத் தொழில். செல்வர்களின் கேளிக்கை பிறகுதான் வந்து சேர்ந்தது.

அவர் செய்ததை நம் மன்றங்கள் செய்யலாகாதா? சீட்டுப் பணம் சேர்த்து, ஒரு பேருந்து அமர்த்தி, ஊர்ப் பெண்களைக் கீழடிக்கு அழைத்துச் செல்லுங்கள். 2023இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில், பானை ஓட்டிலே எழுத்துக் கீறிய பழந்தமிழரின் கைவண்ணத்தைக் காட்டுங்கள். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்திலே தவக்கோலம் பூண்டு நிற்கிறதே ஒரு பூனை, காலடியிலே எலிகள் சூழ, அதைக் காட்டுங்கள். போலித் துறவு பற்றி நாம் ஒரு மணி நேரம் பேசுவதை அது ஒரு நொடியில் பேசிவிடும்! வேடந்தாங்கலிலே, கடவுச்சீட்டு இன்றிக் கண்டம் கடந்து வந்த பறவைகளைக் காட்டுங்கள்.

அந்த நான்கு நாளும், தோழர்களே, வீட்டிலே அடுப்பு மூட்டவேண்டியவர் நீங்கள்! மேடையேறிப் பேசுவதைவிட அது கடினமான பகுத்தறிவுப் பணி. ஊர் திரும்பும் அம்மையாரை, “எந்தச் சாமி பார்த்தாய்?” என்று எவரும் கேளாமல், “என்ன கண்டாய்?” என்று கேட்கும் நாள் வரட்டும். கடவுளைச் சாட்சி வைக்காமல், காரணம் காட்டாமல், தனக்குப் பிடிக்கிறது என்பதற்காகவே ஒரு பெண் ஊர் சுற்றிவர முடிகிற நாடுதான் விடுதலை பெற்ற நாடு.