பழைய உடலும் புதிய உயிரும்

போற்றுதல் வேறு, பூட்டி வைத்தல் வேறு என்று வகுப்பறையில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதன் முழுப்பொருளை எனக்கு விளக்கியது ஒரு நூலன்று. துருப்பிடித்த ஒரு பழைய கார். ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டு, ஐம்பது வயதைக் கடந்து, பள்ளியொன்றின் தலைமைப் பொறுப்பையும் சுமக்கும் ஒருவனுக்கும் காரின் தகட்டுக்கும் என்ன உறவு என்று படிப்பவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அவ்வுறவைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழிற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் நண்பரும் நானும் சரிபாதிப் பங்கில் வாங்கிய கார் அது. மோரிஸ் மைனர் 1000 என்னும் வகை. 1960களின் நடுவில் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. நாங்கள் சிறுவர்களாக இருந்த 1970களில், தேக்கா வட்டாரத் தெருக்களில் இவ்வகைக் கார்களைக் காண்பது அரிதன்று. உருண்டு திரண்ட அதன் முகப்பைக் கண்டதும் 'மைனர் காடி' என்று கூவிக்கொண்டு பின்னால் ஓடியது நினைவிருக்கிறது. காரைக் 'காடி' என்பது இந்நாட்டுத் தமிழர் நாவில் ஊறிய வழக்கு.

சிங்கப்பூரில் ஒரு பழைய காரை வைத்திருப்பது எளிதன்று. 1990ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து, கார் வைத்திருக்க விரும்புவோர் பத்தாண்டுக்குச் செல்லும் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்கவேண்டும். தொன்மைக் கார்களுக்கென ஒரு தனித்திட்டம் இருக்கிறது. குறைந்தது 35 ஆண்டு வயதுடைய காரை அதன்கீழ்ப் பதிவு செய்தால் அச்சான்றிதழ் வேண்டியதில்லை. ஆனால், ஆண்டுக்கு 45 நாள்கள் மட்டுமே சாலையில் ஓட்டலாம். எஞ்சிய 320 நாள்களும் அது நிற்கவேண்டிய கார். அந்நாள்களைத்தான் நாங்கள் பழுது பார்க்கும் நாள்களாக ஆக்கிக்கொண்டோம்.

வாங்கியபோது கார் வெளித்தோற்றத்தில் நன்றாகவே இருந்தது. வண்ணம் பளபளத்தது. நண்பர் ஒரு திருப்புளியை எடுத்துக் கதவுக்குக் கீழே மெல்லக் குத்தினார். அது தடையின்றி உள்ளே போயிற்று. முன்னொரு காலத்தில் யாரோ துருவை வெட்டி எடுக்காமல், அதன்மேல் பட்டியைப் பூசித் தேய்த்து வண்ணம் அடித்திருந்தார். கடற்காற்றும் ஆண்டு முழுவதும் நீங்காத ஈரமும் உள்ள இத்தீவில், பட்டிக்கு அடியில் துரு உறங்குவதில்லை, ஒளிந்திருந்து தின்னும்.

மைனர் காரில் இது வெறும் அழகுக் குறையன்று. பழைய கார்கள் பலவற்றில் அடியில் கனத்த இரும்புச் சட்டம் ஒன்று இருக்கும். உடல் அதன்மேல் அமர்ந்திருக்கும். மைனருக்கு அத்தகைய தனிச்சட்டம் இல்லை. தகடுகளை மடித்தும் இணைத்தும் செய்த உடலே பாரத்தைத் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே பெட்டிபோல் நீண்டு செல்லும் தகட்டு விட்டங்கள் அதன் முதுகெலும்பு எனலாம். அவை அரித்துப்போனால் கார் நடுவில் தொய்யும்; கதவு சரியாகப் பொருந்தாது; விபத்து நேர்ந்தால் உடல் தாங்காது.

ஆகவே, நகரின் நடுப்பகுதியிலுள்ள ஒரு தொழிற்பேட்டையில், தகடு தட்டும் தொழிலில் தலை நரைத்த சீனப் பெரியவர் ஒருவரை நாடினோம். எங்களுக்குச் சீனமொழி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. பாசார் மலாய் மூவர்க்கும் பொதுமொழி ஆயிற்று. அவர் முதலில் செய்த வேலை எனக்கு வியப்பளித்தது. துருவை வெட்டத் தொடங்குமுன், கதவு வாயில்களின் குறுக்கே இரும்புக் குழாய்களை வைத்துப் பற்றவைத்தார். விட்டத்தை வெட்டி எடுக்கும்போது உடல் வளைந்துவிடாமல் இருக்க அந்த முட்டு. நீக்குவதற்குமுன் தாங்குவதற்கு ஏற்பாடு வேண்டும் என்பது அவர் தொழிலின் முதற்பாடம்.

பிறகு வெட்டினார். துருவின் விளிம்பில் நில்லாமல், பளபளக்கும் நல்ல தகடு தோன்றும் வரை வெட்டினார். "இவ்வளவு வெட்டவேண்டுமா?" என்று நான் கேட்டேன். "அழுகியதோடு ஒட்டவைத்தால் புதியதும் அழுகும்" என்றார். வெட்டிய இடத்துக்கு அட்டையில் அளவெடுத்து, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள புதுத்தகட்டை வெட்டி, தாங்கு இரும்பைப் பின்னால் பிடித்துச் சுத்தியலால் தட்டி வளைத்தார். பற்றவைக்கும்போது ஒரே கோடாக ஓட்டவில்லை. இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளியாக வைத்து ஆறவிட்டார். வெப்பம் ஓரிடத்தில் குவிந்தால் தகடு நெளிந்துவிடுமாம். இறுதியில்தான் பட்டி, அதுவும் காகிதம்போல் மெல்லியதாக. விட்டங்களின் உட்புறத்தில், கண்ணுக்கே தெரியாத இடத்தில், துருவைத் தடுக்கும் மெழுகைப் பீய்ச்சினார்.

உதிரி உறுப்புகளில் சில நண்பரிடம் முன்னமே இருந்தன. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் அவ்வப்போது வாங்கிச் சேர்த்தவை அவை. அச்சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டுவிட்டது. மைனர் காருக்கான தகட்டு உறுப்புகளை 1990களில் இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள கொஸ்கொடவில் கைவினையாகச் செய்து, அக்கார் பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள் என்று நண்பர் சொன்னார். தாய்நாடு மறந்த கைத்திறனைத் தொலைதூரத்துத் தீவு ஒன்று காத்துக் கொடுத்தது என்பது, கடல் கடந்து வாழும் தமிழாசிரியனாகிய என் நெஞ்சைத் தொட்ட செய்தி.

உடல் சீரானதும் அடுத்த கேள்வி எழுந்தது. எஞ்சினை என்ன செய்வது? எங்கள் காரின் எஞ்சின் 1098 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 48 குதிரைத்திறனும் உடையது. தேய்ந்து புகை கக்கியது. அதையே புதுப்பிக்கவேண்டும் என்பது என் எண்ணம். மாற்றவேண்டும் என்பது நண்பர் எண்ணம். பல சனிக்கிழமை மாலைகள், சிராங்கூன் சாலையை ஒட்டிய உணவுக்கடை ஒன்றில் தேநீர் ஆறுவதும் அறியாமல் வாதிட்டோம்.

"எஞ்சினை மாற்றினால் அது மைனர் ஆகுமா? வேறொன்றின் உயிரை இதன் உடலில் புகுத்துவது கூடுவிட்டுக் கூடு பாய்தல் அல்லவா?" என்றேன் நான்.

"ஐயா, இந்தக் காரைச் செய்தவர்களே அதன் எஞ்சினை எத்தனை முறை மாற்றினார்கள் தெரியுமா?" என்று கேட்டார் அவர். அவர் கூறிய வரலாறு என் வாயை அடைத்தது.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். உருவாக்கம் முடியும் தறுவாயில், கார் ஒடுக்கமாகத் தோன்றுகிறது என்று கருதி, மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். மூடியின் நடுவே ஓடும் மேட்டுப்பட்டை அந்த அகலத்தின் அடையாளம். அவர் எண்ணியிருந்த எஞ்சின் வேறு. 1948இல் கார் வெளிவந்தபோது பொருத்தப்பட்டதோ, முந்தைய மோரிஸ் காரிலிருந்து எடுத்த 918 கன சென்டிமீட்டர் எஞ்சின். மோரிஸ் நிறுவனம் ஆஸ்டினோடு இணைந்த 1952இல் ஆஸ்டினின் 803 கன சென்டிமீட்டர் எஞ்சின் வந்தது. 1956இல் 948, 1962இல் 1098 என்று அது வளர்ந்தது. 1971இல் உற்பத்தி முடியும் வரை, உடலின் அடிப்படை வடிவம் மட்டும் மாறவில்லை. 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் இவ்வாறே உருவாயின. எந்த எஞ்சினை 'மூலம்' என்று நான் போற்றினேனோ, அதுவே மாற்றாக வந்ததன் வழித்தோன்றல்தான்!

இந்தியாவிலிருந்தும் நண்பர் இரு சான்றுகளைக் காட்டினார். மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மறுபிறவியான அம்பாசடர், கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1957 முதல் செய்யப்பட்டது. அதன் பழைய உடலுக்கு 1990களில் ஜப்பானின் இசுசூ எஞ்சின் கிடைத்தது. 2014 வரை அக்காரின் உற்பத்தி நீடித்தது. இதற்கு நேர்மாறானது சென்னையின் கதை. ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்னும் காரை வெளியிட்டது. உடல் பிரிட்டனின் ரோவர் காருடைய புதுமை வடிவம். உள்ளே இருந்ததோ 1940களின் வான்கார்டு கார்வழி வந்த பழைய எஞ்சின். தோற்றம் தந்த நம்பிக்கையை ஓட்டம் காப்பாற்றவில்லை. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றுபோயிற்று. உள்ளே இயக்குவது காலத்துக்கு ஏற்றதாக இல்லையாயின், மேலே போர்த்திய புதுமை காப்பாற்றாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நான் இணங்கினேன். ஆனால் எந்த எஞ்சின்? ஜப்பானின் டட்சன் எஞ்சினை மைனரில் பொருத்துவோர் உலகெங்கும் உண்டு. அதன் வலிமைக்கு ஏற்பப் பிரேக்குகளையும் மாற்றியாகவேண்டும். விரைவைக் கூட்டுபவன் முதலில் நிறுத்தத்தைக் கூட்டவேண்டும். மற்றொரு வழி மின்விசை. புதிதாகப் பதிவாகும் கார்கள் யாவும் 2030 முதல் தூய்மையான எரிசக்தி வகையைச் சேர்ந்தவையாக இருக்கவேண்டும் என்பதும், எரிபொருள் எஞ்சின் வாகனங்களை 2040க்குள் படிப்படியாக நீக்குவது என்பதும் இந்நாட்டின் இலக்குகள். தொன்மைக் கார்களை மின்விசைக்கு மாற்றவும் வழி திறக்கப்படும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. கிழக்கிலிருந்து மேற்குக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டரே உள்ள தீவில், சிறு மின்கலமே போதுமானது. எங்கள் பிள்ளைகள் இதை ஓட்டவேண்டுமாயின் மின்விசையே தக்கது என்ற முடிவுக்கு வந்தோம்.

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் முன் ஒப்புதலின்றி எஞ்சினை மாற்றலாகாது. ஆதலால், எங்கள் திட்டம் இன்னும் தாளில்தான் இருக்கிறது. அத்தாளின் தலைப்பில், நண்பர் இசைவோடு நான் எழுதிவைத்த விதி ஒன்று உண்டு: 'மீட்க முடியாத வெட்டு ஒன்றும் கூடாது.' மின்பொறியைத் தாங்கும் சட்டம், பழைய எஞ்சின் அமர்ந்திருந்த அதே துளைகளில் திருகாணியால் பொருந்தவேண்டும். மின்கலப் பெட்டிக்காக உடலின் விட்டங்களை அறுக்கக்கூடாது. பழைய எஞ்சினை எண்ணெயிட்டு மூடிப் பெட்டியில் காக்கவேண்டும். நாளை இக்காரைப் பெறுபவர் 'எங்களுக்குப் பழைய எஞ்சினே வேண்டும்' என்று கருதினால், ஒரு வாரத்தில் அதைத் திரும்பப் பொருத்த இயலவேண்டும். துருவை வெட்டியது வேறு, அது அழுகியது. நல்ல இரும்பை நம் வசதிக்காக வெட்டுவது வேறு. அதற்கு நமக்கு உரிமையில்லை.

ஆசிரிய நண்பர்களே, இவ்விதியை எழுதும்போது என் மனம் வகுப்பறையில்தான் இருந்தது. உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டதோடு, தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட கல்வி இந்நாட்டில் முடிவுற்றது. தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தைப் பின்னர் நாமும் ஏற்றோம். 2005ஆம் ஆண்டின் பாடத்திட்ட மறுஆய்வுக்குப்பின் நல்ல பேச்சுத்தமிழ் வகுப்பறைக்குள் வந்தது. அப்போது, 'இது தமிழாகுமா?' என்று கேட்டவர்களும் உண்டு. 'வீட்டில் தமிழ் கேளாத பிள்ளைக்கு வேறு எதனால் ஊக்கம் ஊட்டுவது?' என்று கேட்டவர்களும் உண்டு. என் நண்பரும் நானும் காருக்காக வாதிட்டதும் இதே வாதந்தான். பழமை நீங்குவதும் புதுமை சேர்வதும் குற்றமாகா என்னும் கொள்கை நன்னூல் கற்றவர் அறிந்ததே. ஆயினும் எதை நீக்குவது, எவ்வாறு சேர்ப்பது என்பது ஒவ்வொரு தலைமுறையும் தானே தீர்மானிக்கவேண்டியது.

பேச்சுத்தமிழ் என்னும் புதிய விசை வகுப்பை ஓட்டட்டும்; ஐயமின்றி ஓட்டட்டும். அதற்காக, இலக்கியமும் இலக்கணமும் அமர்ந்திருக்கும் இடத்தை அறுத்தெறிய வேண்டியதில்லை. இன்று ஒரு மாணவி பேச்சுத்தமிழில் தொடங்கி, பத்தாண்டு கழித்துத் தொல்காப்பியம் கற்க விரும்பினால், அதற்கான துளைகள் அவளுள் தூர்ந்துபோகாமல் இருக்கவேண்டும். வாரம் ஒரு செய்யுள், பொருளோடு; மாதம் ஒரு பழைய உரைநடைப் பகுதி, நிதானமாக. பெட்டியில் காக்கும் எஞ்சினுக்கு இடும் எண்ணெய் அவ்வளவே. ஆனால், இடாவிட்டால் அது இறுகிவிடும்.

அதேபோல், பட்டி பூசி மறைப்பதும் நமக்கு வேண்டா. விழா மேடையில் மனப்பாடமாக ஒப்பித்த பேச்சின் பளபளப்பைக் கண்டு, அடியில் தகடு உறுதியாக இருக்கிறது என்று மயங்கவேண்டா. திருப்புளியால் மெல்லக் குத்திப் பார்ப்பதுபோல், மேடையைவிட்டு இறங்கிய பிள்ளையிடம் அவன் பேசிய பொருளைப் பற்றியே இரண்டு வினா கேட்டுப் பாருங்கள். அழுகல் தென்பட்டால் அஞ்சாமல் நல்ல தகடு தோன்றும் வரை வெட்டுங்கள். வெட்டுமுன் முட்டுக் கொடுக்க மறவாதீர்கள். அந்த முட்டு, நாம் அப்பிள்ளையோடு இருந்து பேசும் நேரந்தான்.